கையில் போட்ட வென்ஃப்ளானை யாரும் எடுக்கவில்லை: ஆஸ்பத்திரியில் சேருகிறவர்கள் கவனத்துக்கு

வயிற்றுப்போக்கில் சோர்ந்துபோன அம்மாவை அவசரப் பிரிவில் சேர்த்தோம். வந்த நோய் சீக்கிரமே அடங்கிவிட்டது. ட்ரிப்ஸ் ஏற்றக் கை நரம்பில் போட்ட வென்ஃப்ளான் என்ற சின்னக் குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறியதால்தான் அதைவிட அதிக நாள் படுத்திருந்தார். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதப் போவதில்லை. புகார் உரிய இடத்துக்குப் போயிருக்கிறது.

அவசரத்தில் நரம்பு கிடைத்த இடத்தில் குத்துவார்கள், சுத்தம் பார்க்க நேரமிருக்காது. அது புரிகிறது. அதனால்தான் அப்படிப் போட்டதை 48 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டு, தேவையிருந்தால் வேறு இடத்தில் புதிதாகப் போடச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2011 வழிகாட்டி. அம்மாவுக்கு அது நடக்கவில்லை. மருந்தெல்லாம் மாத்திரையாக மாறிய பிறகும், "இருக்கட்டும், தேவைப்படலாம்" என்ற பதில்தான். உள்ளே ஊசி கிடையாது, மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான், வெளியே எடுக்க ஒரு நிமிடம் போதும். எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிளாஸ்டர் ஓரம் பிரிந்து, ரத்தம் ஊறிக் கிடந்தது. மாற்றச் சொன்னோம், "அப்புறம் பார்க்கலாம்". பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்த அதே கையுறையோடு வந்து மருந்து ஏற்றினார் சிஸ்டர். கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்ற நினைப்பு எங்கிருந்து வந்ததோ! படுக்கையில் விழுந்த மூடியையே எடுத்துத் திரும்ப மாட்டினார். மருந்து ஏற்றும் வாயை ஒவ்வொரு முறையும் ஆல்கஹால் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காயவிட்டுத்தான் சிரிஞ்சைச் செருக வேண்டும்.

வலிக்கிறது என்று அம்மா சொன்னபோது, "ஊசி போட்டால் வலிக்கத்தானே செய்யும்" என்றார்கள். போட்ட சில நிமிடத்தில் அடங்க வேண்டிய வலி அது. பிறகு வருகிற வலி, சிவப்பு, சூடு, வீக்கம், நரம்பு கயிறுபோல் தடித்துத் தட்டுப்படுவது, இதில் எது இருந்தாலும் குழாயை எடுத்தாக வேண்டும். எங்களுக்கு எடுத்தது, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த பிறகு. கூடவே சீழும் வந்தது. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி தெரிந்தது. தோலிலும் மூக்கிலும் சும்மா இருக்கிற கிருமிதான், ரத்தத்தில் ஏறினால் இதய வால்வில்கூடப் போய் உட்காரும். அதனால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. சிக்கல் எதுவும் இல்லையென்றாலும் குறைந்தது 14 நாள் நரம்பு வழி ஆன்டிபயாடிக், அதுவும் கிருமி இல்லை என்று கல்ச்சர் காட்டிய நாளிலிருந்து எண்ணி.

எனக்கு ஆறாதது இதுதான்: டிஸ்சார்ஜ் சம்மரியில் "காய்ச்சல், சிகிச்சை அளிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தது. குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. கூடுதல் நாட்களுக்கான பில் மட்டும் விடாமல் வந்தது. கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்ததால்தான் புகாருக்கு ஆதாரம் இருக்கிறது. நீங்களும் வாங்கிவிடுங்கள், பிளாஸ்டர் இருந்த நிலையைத் தேதியோடு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

"வசதி போதாது" என்ற சாக்கை நம்பாதீர்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஐசியூக்களில் சென்ட்ரல் லைன், அதாவது உடம்பின் பெரிய நரம்பில் போடும் குழாய் விஷயத்தில், கை கழுவுவது, போடும்போது மாஸ்க், கவுன், கையுறை, துணி என்று முழு மறைப்பு, தோலைச் சுத்தம் செய்ய குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி, தொடையில் போடுவதைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் எடுப்பது என்று ஐந்தே விஷயங்களைக் கறாராகக் கடைப்பிடித்தார்கள். ஆயிரம் குழாய் நாட்களுக்கு (ஒருவர் உடம்பில் குழாய் ஒரு நாள் இருந்தால் ஒரு குழாய் நாள்) 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு பூஜ்யத்துக்கு இறங்கியது என்று 2006-இல் வெளியிட்டார்கள். இதில் பெரிய மெஷின் எதுவும் இல்லை.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: "இந்த வென்ஃப்ளான் இன்னும் தேவையா?" முகம் சுளித்தாலும் கேளுங்கள். பேச முடியாத நோயாளி என்றால் குழாய் இருக்கும் இடத்தை நீங்களே அடிக்கடி பாருங்கள். வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் அந்த இடத்தைக் கவனியுங்கள், எடுத்த பிறகு சிவந்து வீங்குவதும் உண்டு. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் உடனே போய், கையில் குழாய் இருந்ததை முதலில் சொல்லுங்கள்.