குவாண்டம் புள்ளியா, கரிமச் சாயமா? மூளை ஏற்பிகளைத் தனித்தனியே பின்தொடர்தல்

நரம்பணுவின் சவ்வில் இருந்து வேதிச் செய்திகளை வாங்கும் புரதங்களான ஏற்பிகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நகர்ந்து, இரு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸுக்குள் நுழைந்து, சற்றுத் தங்கி, வெளியேறுகின்றன. பல ஏற்பிகளின் ஒளியைச் சேர்த்தே காட்டும் வழக்கமான நுண்ணோக்கியில் இந்த நடமாட்டம் சராசரிக்குள் மறைந்துவிடுவதால், ஏற்பிக்கு ஓர் ஒளிர்குறி பொருத்தித் தனித்துப் பின்தொடர்கிறார்கள். எந்தக் குறி என்பதில்தான் போட்டி: ஒளிரும் நுண்ணிய குறைக்கடத்திப் படிகமான குவாண்டம் புள்ளியா, கார்பன் சேர்மமான கரிமச் சாயமா?

ஒளிரும் ஆயுளில் குவாண்டம் புள்ளிக்கு நிகரில்லை. 2003-இல் மாக்சிம் தகான், அந்துவான் திரியே ஆகியோரின் குழு தண்டுவட நரம்பணுக்களின் கிளைசின் ஏற்பிகளை நிமிடக்கணக்கில் பின்தொடர்ந்தது இதைக் கொண்டுதான். கரிமச் சாயமோ பெரும்பாலும் சில நொடிகளில் வெளிறிவிடும். புள்ளி விட்டுவிட்டு மின்னுவதால் பாதை அறுபடும் என்பது உண்மையே. ஆனால் முழுதாக அணைந்து மீண்டும் ஒளிரும் அந்த மினுக்கமே, பார்ப்பது திரளன்று, ஒற்றைப் புள்ளி என்பதற்குச் சான்றாகிறது.

பருமனில் நிலைமை தலைகீழாகிறது. சினாப்ஸ் இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். மேலுறையும், ஏற்பியில் அதை ஒட்டவைக்கும் எதிர்ப்பொருளும் (ஆன்டிபாடி) சேர்ந்த புள்ளி அந்த அளவை எட்டும், சில வேளை தாண்டும். புரதங்கள் நெருங்கிய அந்த இடுக்கில் நாம் அளக்கும் மந்தம் ஏற்பியினுடையதா, அது இழுத்துச் செல்லும் குறி எனும் சுமையினுடையதா? சாயமூலக்கூறு ஒரு நானோமீட்டர் அளவே என்றாலும், அதைச் சுமக்கும் முழு எதிர்ப்பொருள் 10 நானோமீட்டரைத் தொடும். மிகச் சிறிய எதிர்ப்பொருள் துண்டான நானோபாடி போன்ற சிறு பிணைப்பிகள் இல்லாவிட்டால் சாயத்தின் சாதகமும் பாதி போய்விடும்.

நோய் ஆய்வில் இது வெறும் நுணுக்கமன்று. ஜோசப் தல்மாவ் குழு 2007-இல் விவரித்த என்எம்டிஏ ஏற்பி எதிர்ப்பு மூளையழற்சியில் (மூளையின் என்எம்டிஏ வகை ஏற்பிகளை உடலின் எதிர்ப்பொருளே தாக்கும் நோய்), நோயாளியின் எதிர்ப்பொருள் தன் இரு கைகளால் ஏற்பிகளைப் பிணைக்கிறது. அவை செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. பல பிணைப்பிடங்கள் கொண்ட குறியும் அதே வேலையைச் செய்யக்கூடும் என்பதால், எதிர்ப்பொருளின் ஒற்றைக் கை கொண்ட துண்டே இங்கு நம்பத்தக்கது. ஆரோக்கியமானவரின் எதிர்ப்பொருளுடன் ஒப்பிடும்போது பிழையின் ஒரு பகுதி கழிந்துவிடும், முழுவதும் கழியாது.

ஏற்பிகளின் அடுக்கமைவு மட்டும் போதுமென்றால், பதப்படுத்தி அசைவற்றதாக்கிய செல்லில், வழக்கமான ஒளி நுண்ணோக்கியின் தெளிவு எல்லையைத் தாண்டும் மீத்தெளிவு நுண்ணோக்கியே எளிது. அது நகர்வைச் சொல்லாது.

என் தேர்வு: சினாப்ஸுக்கு வெளியே நெடும்பாதை வேண்டுமெனில் புள்ளி, உள்ளே சிறு பிணைப்பியில் ஏற்றிய சாயம். எதை எடுத்தாலும் சினாப்ஸின் எல்லையை வழக்கமான ஒளிப்படத்தில் வரைந்தால் 200 நானோமீட்டருக்கு மேல் மங்கல் இருக்கும். ஆகவே ‘உள்ளே’ என்று எண்ணப்படும் பாதைகளில் சில விளிம்பை ஒட்டி ஓடியவையே.