மாங்கூழ் கம்பெனில டிஎன்எஸ்மாஸ்க், சில சீசன் ஓட்டுன அனுபவம்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனில நெட்வொர்க், கேமரா எல்லாம் நான்தான் பாத்துக்கறேன். வருசத்துல முக்காவாசி நாள் ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான், எந்த ரவுட்டர் வச்சாலும் ஓடும், ஆனா பெங்களூரா காய் லோடு வர ஆரம்பிச்சிட்டா ஷிஃப்ட் ஆளுங்க, லாரி டிரைவருங்க, மண்டிக்காரங்கன்னு எல்லார் போனும் வைஃபைல ஏறிடும்.

முன்னாடி லைன் போடறப்ப குடுத்த ரவுட்டர்ல லீஸ், அதாவது ஒரு மெஷினுக்குக் குடுத்த ஐபி அட்ரஸ் அது பேர்ல இருக்கற நேரம், 24 மணி நேரம், அத மாத்தவும் விடாது. சீசன்ல லிஸ்ட் ஃபுல்லாயிடும், லீவு முடிஞ்சு வந்து எடைமேடை கம்ப்யூட்டர ஆன் பண்ணா 169.254னு ஆரம்பிக்கற அட்ரஸ போட்டுக்கிட்டு நிக்கும். டிஹெச்சிபி (மெஷினுக்கு தானா அட்ரஸ் குடுக்கற சர்வீஸ்) கிட்ட இருந்து பதிலே வரலன்னா விண்டோஸ் தானா போட்டுக்கறது அது, அத வச்சு சர்வர் பக்கமே போக முடியாது. வெளிய லாரி வரிசை, உள்ள எடைச்சீட்டு வராது, திட்டு மட்டும் எனக்கு.

அதத் தூக்கிட்டு ஓப்பன்வர்ட்டுங்கற ரவுட்டர் சாஃப்ட்வேர் ஓடற ரவுட்டர் போட்டேன், அதுல ஐபி குடுக்கற வேலைய டிஎன்எஸ்மாஸ்க் பாக்குது. இதுல டீஃபால்ட்டா 100ல இருந்து 150 அட்ரஸ், லீஸ் 12 மணி நேரம். வீட்டுக்கு ஓகே, எங்களுக்கு பத்தாது, ஏன்னா போன் வைஃபைய விட்டுப் போறப்ப பெரும்பாலும் சொல்லிட்டுப் போறதில்ல, ஒகேனக்கல் லாட்ஜ்ல சாவியக் குடுக்காம பஸ் ஏறுற மாதிரி, ஆள் வீடு போய்ச் சேந்து தூங்கி எந்திரிச்சாலும் அட்ரஸ் இங்க அவன் பேர்லயே கெடக்கும். மூணு ஷிஃப்ட் ஆளும் ஒண்ணு மேல ஒண்ணா ஏறிக்கிட்டா லாக்ல "நோ அட்ரஸ் அவைலபிள்"னு வரிசையா விழும்.

இன்னொரு கூத்து, ஆண்ட்ராய்டு 10ல இருந்து போனுங்க ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு பொய் மேக் அட்ரஸ் (மெஷினோட அடையாள நம்பர்) காட்டுது. ஆபீஸ், கெஸ்ட்னு ரெண்டு பேர் வச்சு ரெண்டும் ஒரே ரேஞ்சுல இருந்தா ஒரே போன் ரெண்டு ஐபிய புடிச்சிக்கும். கெஸ்ட்ட தனி சப்நெட்டுக்கு, அதாவது வேற அட்ரஸ் கூட்டத்துக்குத் தள்ளி லீஸ 1 மணி நேரமாக்குன பிறகுதான் சீசன் நிம்மதியா போச்சு. லீஸ கொறச்சா ரவுட்டர் திணறும்னு சிலர் சொல்வாங்க, அதெல்லாம் இல்ல, பாதி டைம் ஆனதும் போன் ஒருக்கா கேக்கும், சர்வர் சரின்னும், அவ்ளோதான். அதுக்கு பதில் வரலன்னா 87.5 சதவீதத்துல எல்லாருக்கும் கேக்கற மாதிரி மறுபடி கேக்கும்.

கரண்ட் கட்டுதான் நான் பயந்தது. லீஸ் லிஸ்ட் ரேம்ல இருக்கறதால ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனா எல்லாம் போயிடும். ஆனா நெசமாவே பெருசா ஒண்ணும் ஆகல. போன் பழைய அட்ரஸயே கேக்கும், அத்தாரிட்டேட்டிவ் மோட் (இந்த நெட்வொர்க்குல அட்ரஸ் குடுக்கறது நான் மட்டும்தான்ங்கற செட்டிங்) ஆன்ல இருக்கறதால டிஎன்எஸ்மாஸ்க்கும் தகராறு பண்ணாம குடுத்து லிஸ்ட்ட திரும்ப கட்டிக்கும். புதுசா கேட்டாலும் மேக் அட்ரஸ வச்சு கணக்குப் போட்டுதான் ஐபி எடுக்குது, அதனால பெரும்பாலும் அதே நம்பர்தான் வரும், குடுக்கறதுக்கு முன்னாடி அந்த நம்பர்ல யாராச்சும் இருக்காங்களான்னு பிங் வேற பண்ணிப் பாக்கும். பிங்குக்கு பதில் சொல்லாத லேப்டாப் இருந்தா மட்டும் ஒரே ஐபி ரெண்டு பேருக்குப் போக வாய்ப்பிருக்கு, எப்பவாச்சும்தான். எரிச்சல் என்னன்னா லிஸ்ட் போனதும் பேரும் போயிடுது, அந்த மெஷின் அடுத்து வந்து கேக்கற வரைக்கும் பேர் போட்டுத் தேடுனா கெடைக்காது. அதனால கேமரா, பிரிண்டர், எடைமேடை எல்லாத்துக்கும் 100க்கு கீழ நம்பர ஸ்டேட்டிக் லீஸா, அதாவது மாறாத அட்ரஸா, எழுதி வச்சிட்டேன், ரேஞ்சுக்கு வெளிய இருந்தாலும் அதே சப்நெட்டா இருந்தா ஏத்துக்குது.

குறைன்னா, ஒரே ஒரு லீஸ மட்டும் தூக்கணும்னா சர்வீஸ நிறுத்தி, ஃபைல்ல அந்த வரிய அழிச்சு, மறுபடி ஸ்டார்ட் பண்ணணும். கான்ஃபிக் ஃபைல மாத்துனாலும் முழுசா ரீஸ்டார்ட்தான், சும்மா ரீலோடு சிக்னல் குடுத்தா அத படிக்காது. பெரிய காலேஜ், ஓசூர் பக்கத்து பெரிய ஃபேக்டரி மாதிரி எடம்னா நான் இத சொல்ல மாட்டேன், அதுக்கு கியாங்கற டிஹெச்சிபி சர்வர் பாக்கலாம், வேணும்னா லீஸ டேட்டாபேஸ்ல வச்சுக்கலாம், இதே வேலையப் பாத்த பழைய ஐஎஸ்சி டிஹெச்சிபிய 2022லயே நிறுத்திட்டாங்க. எங்க சைஸுக்கு டிஎன்எஸ்மாஸ்க்க மாத்தற எண்ணமே இல்ல.