பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350: பளபளப்பு வேறு, எஞ்சின் வேறு

ராயல் என்ஃபீல்டு திருவொற்றியூர் ஆலையில் காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) சிலிண்டரோடு செய்த பழைய புல்லட் 350-க்கு இன்றும் கிராக்கி குறையவில்லை. 346 சிசி, 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 18 குதிரைத்திறன், பாயின்ட் (திறந்து மூடித் தீப்பொறி தரும் முனை) இக்னிஷன், வலது காலில் நான்கு கியர். எல்லாமே எளிய அமைப்பு. நல்ல மெக்கானிக் கையில் பல பத்தாண்டு ஓடும். சிக்கல் விற்பனையில்தான். புதுப் பெயின்ட்டும் குரோமும் போட்டு நிறுத்திய வண்டியைவிட, தூசி படிந்த ஒரிஜினல் வண்டியை நம்பி வாங்கலாம். பெயின்ட்டுக்குச் செலவழித்தவர்களில் பலர் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க்குக்குச் செலவழிப்பதில்லை.

முதலில் ஆர்.சி. புக். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்திருக்க வேண்டும். காலாவதியான ஆர்.சி. என்றால் விற்பவரே புதுப்பித்துத் தரட்டும். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் துணியால் துடைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எண் இருக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் தடிப்பாகவோ உலோகம் தேய்த்தது போலவோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடலாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று. கடன் பதிவு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35.

வண்டி பார்க்கப் போகும்போது, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் சிலிண்டர் ஃபின்னைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் எதையோ மறைக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

சாவியைப் போடாமல் கிக்கரை மெதுவாக மிதித்துக் கம்ப்ரஷன் தட்டும் (மிதி இறுகும்) இடத்துக்குக் கொண்டுவந்து, முழு எடையோடு அதன்மேல் நில்லுங்கள். நல்ல எஞ்சின் சில நொடியாவது தாங்கும். உடனே இறங்கினால் ரிங்கோ வால்வோ போயிருக்கிறது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. இதில் கிக்கர் கிளட்ச் வழியாகத்தான் கிராங்க்கைச் சுற்றுகிறது. கிளட்ச் வழுக்கினாலும் கிக்கர் சும்மா இறங்கும். இந்தச் சோதனையில் ஆம்மீட்டருக்கு (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) வேலை இல்லை, சாவி போட்ட பிறகே அதன் ஊசி பேசும்: பாயின்ட் மூடியிருந்தால் மைனஸ் பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும். ஸ்டார்ட் செய்ய, டீகம்ப்ரஸரை (கம்ப்ரஷனை வெளியேற்றும் லீவர்) பிடித்து பிஸ்டனை உச்சியிலிருந்து சற்றே தாண்டவிட்டு, ஒரே முழு மிதி. இரண்டு மூன்று மிதியில் எழ வேண்டும். கிக்கர் காலைப் பின்னுக்கு உதைத்தால் டைமிங் முன்னேறியிருக்கிறது, அல்லது ஆட்டோ அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது.

இனி எண்ணெய். இந்த எஞ்சினின் உண்மையான ஜாதகம் அதில்தான் இருக்கிறது. எண்ணெய் அறை கிராங்க் கேஸிலேயே பின்பக்கம் தனியாக இருக்கிறது. பம்ப் தேய்ந்தால், வண்டி சில நாள் நின்றாலே எண்ணெய் அதன் வழியாகக் கிராங்க்குக்கு அடியில் உள்ள சம்ப்புக்கு இறங்கிவிடும். டிப் ஸ்டிக் குறைவாகக் காட்டும்; விவரம் தெரியாதவர் மேலும் ஊற்றுவார்; ஸ்டார்ட் செய்ததும் பிரீதர் குழாயில் எண்ணெய் பீறிடும், சைலன்சர் நீலமாகப் புகைவிடும். ஆகவே ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு முறை, ஐந்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி ஒரு முறை அளவு பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் பம்ப் வேலை காத்திருக்கிறது. அடுத்து, எஞ்சின் ஓடும்போது ஹெட்டுக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் பான்ஜோ போல்ட்டைச் சற்றே தளர்த்தினால் எண்ணெய் கசிய வேண்டும். கசியாவிட்டால் வால்வைத் திறக்கும் ராக்கர் வறண்டு தேய்ந்துகொண்டிருக்கிறது.

புகையையும் பிரித்துப் பார்க்கலாம். ஆக்ஸிலரேட்டர் முறுக்கும்போது நீலம் என்றால் ரிங், போர். முறுக்கை விட்டு இறக்கத்தில் இறங்கி, மீண்டும் முறுக்கும்போது மட்டும் நீலம் என்றால் வால்வு கைடு. கறுப்பு வெறும் கார்பரேட்டர் விஷயம். அதற்காக விலை பேசலாம், பயப்பட வேண்டாம். போர் எத்தனை ஓவர்சைஸ் (கடைந்து பெரிதாக்கிய அளவு) போயிருக்கிறது என்று கேளுங்கள். கடைசி அளவு வரை போயிருந்தால் அடுத்தது சிலிண்டருக்குள் புதுக் குழாய் செருகும் ஸ்லீவ்தான்.

சத்தத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் தட்டும், சூடானதும் அடங்கும். அது இந்த எஞ்சினின் இயல்பு. சூடாகச் சூடாகக் கனமாகும் 'டொக் டொக்' கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் பிக் எண்ட் தேய்ந்த சத்தம். நான்காவது கியரில் 40 கி.மீ. வேகத்தில் திடீரென முறுக்கினால் அது தெளிவாகக் கேட்கும். மேல் கியரில் மிகக் குறைந்த வேகத்தில் எஞ்சினை இழுக்கவிட்டு ஓட்டியதும், அழுக்கு எண்ணெயும்தான் பெரும்பாலும் காரணம். கிராங்க்கை வெளியே எடுக்காமல் இதைச் சரிசெய்ய முடியாது.

கியர் பாக்ஸில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே பொய் நியூட்ரல் விழுவது சாதாரணம்; கவருக்குள் உள்ள ஸ்டாப் பிளேட்டை நகர்த்தினால் சரியாகும். இழுவையில் கியர் தானாக வெளியே குதித்தால் கியர்களைப் பிணைக்கும் பற்கள் (டாக்ஸ்) தேய்ந்துவிட்டன, விலை பேசும்போது அதைக் கணக்கில் எடுங்கள். குதிகாலால் மிதிக்கும் நியூட்ரல் லீவர் முதல் கியரைத் தவிர மற்றவற்றிலிருந்து நியூட்ரலுக்கு வர வேண்டும். கிளட்ச்சையும் அதன் செயினையும் மூடும் இடப்பக்கப் பிரைமரி கவர் நடுவில் ஒரே நட்டில் நிற்கிறது. ஒழுகுகிறதே என்று அதை மேலும் மேலும் இறுக்கி, கவரை வளைத்தே கெடுத்திருப்பார்கள்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும், ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பினால் கோன் செட்டும் (ஹேண்டில் தண்டின் பேரிங்) தெரிந்துவிடும். நடுவில் 'டக்'கென்று நின்றால் கோன் செட் மாற்ற வேண்டும். பேட்டரிப் பெட்டிக்குப் பின்னால் ஆசிட் ஒழுகி ஃபிரேம் அரித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். துரு இருக்கிறதா என்று அதே டார்ச்சை டேங்குக்குள்ளும் அடியுங்கள்.

வாங்கிய பின் 55, 60 கி.மீ. வேகம்தான் இதன் சுகமான நடை. லிட்டருக்கு 30 முதல் 35 கி.மீ. கிடைத்தால் ட்யூனிங் சரி. 2,500 கி.மீ.க்கு ஒருமுறை 20டபிள்யூ-50 எண்ணெய் மாற்றுங்கள். அதே நாளில் பாயின்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். டப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்: புஷ் ராடு விரலால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அதிர்வில் எஞ்சின் மவுன்ட், மட்கார்டு, சைலன்சர் நட்டுகள் தளர்வது நிற்காது. மாதம் ஒருமுறை ஸ்பேனரோடு ஒரு சுற்று வர வேண்டும். ஒரு மாதம் நின்ற வண்டி என்றால், கிக்கரைத் தொடுமுன் அடியில் உள்ள சம்ப் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, இறங்கிய எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து மேலே ஊற்றிவிடுங்கள்.