அட்டையா, ஃபைல் உறையா, கடைச் சாமானா?

ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும்போது நான் பயப்படுவது ஒரே ஒரு மில்லிமீட்டருக்குத்தான். ஒன்பது துண்டுகளை வரிசையாக இணைத்தால் எட்டுத் தையல். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டையும் ஒரு மி.மீ. கூடுதலாகப் பிடித்துவிட்டால் வரிசையே 16 மி.மீ. குறைந்துவிடும். அப்புறம் அடுத்த வரிசையோடு மூலை சேராது.

முதலில் டெம்ப்ளேட், அதாவது துணிமேல் வைத்துச் சுற்றி வரைந்து வெட்டும் அளவு அச்சு. பிஸ்கட் பெட்டி அட்டை சும்மா கிடைக்கும், கத்தரிக்கும் சுலபம். ஆனால் பென்சில் உரச உரச விளிம்பு தேய்கிறது. அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் அட்டை வைத்து நாற்பது சதுரம் வெட்டினேன். முதலாவதன்மேல் கடைசியை வைத்துப் பார்த்தால் இரண்டு மி.மீ. சிறுத்திருந்தது. நம் ஊர் ஈரக்காற்றில் அட்டை நமத்தும் போகிறது.

அதனால் பிளாஸ்டிக் ஃபைல் உறைக்கு மாறினேன். விளிம்பு தேயாது. உள்ளே துணி தெரியும் என்பதால் சுங்குடிப் புள்ளியைச் சரியாக நடுவில் நிறுத்தலாம். துணிமேல் வழுக்கும் என்பது ஒன்றுதான் குறை. பின்புறம் நான்கு மூலையிலும் சின்ன உப்புத்தாள் துண்டு ஒட்டினால் அசையாது. அட்டையைவிட இது எவ்வளவோ மேல்.

கையால் அறுகோணம் தைப்பவர்களுக்கு மட்டும் காகிதமே போதும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காகிதம், அதன்மேல் துணியை மடித்து ஓட்டுத்தையல் போட வேண்டும். சீனப் புத்தாண்டு முடிந்து மிஞ்சும் அங்பாவ் (அன்பளிப்புப் பணம் வைத்துத் தரும்) உறைகளின் தடிமன் இதற்குக் கச்சிதம். ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்த சிறுமிகள் கந்தல் துணிகளை அறுகோணங்களாக இணைத்துத் தைத்த போர்வை இன்றும் பிரிட்டனில், இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் என்ன இருந்ததோ அதைக் கொண்டு தைத்திருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனத்துவிடுகிறது.

தையல் பிடிப்புக்கு, அதாவது தையலுக்கும் துணி விளிம்புக்கும் நடுவே, கால் அங்குலம் வேண்டும். கடையில் இதற்கென்றே தனி ஃபுட் (மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) விற்கிறார்கள். நல்லதுதான், ஆனால் உங்கள் மெஷினுக்குப் பொருந்த வேண்டும். நான் செய்வது இது: ஊசிக்கு அடியில் ஸ்கேலை வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றி, கால் அங்குலக் கோட்டில் ஊசியை இறக்குவேன். ஸ்கேல் விளிம்பை ஒட்டி மெஷின் தட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை நான்கைந்து அடுக்கு ஒட்டினால் துணி உரசிக்கொண்டு நேராகப் போகும். அடிநூல் கண்டு இருக்கும் பாபின் மூடியை மட்டும் அடைத்துவிடாதீர்கள். சோதிக்க, ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றை இணைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக ஒரு அங்குலம் வர வேண்டும். குறைந்தால் டேப்பை ஒரு நூலளவு ஊசிப் பக்கம் தள்ளுங்கள். கடை ஃபுட்டைவிட இது எனக்குப் பிடிக்கக் காரணமே இப்படித் தள்ள முடிவதுதான்.

கோடு போட, அடர்நிறத் துணிக்குத் தேய்ந்த வெள்ளைச் சோப்புத் துண்டு. சாக்பீஸைவிடக் கோடு மெல்லியது, துவைத்தால் போய்விடும். வெளிர் துணிக்குப் பென்சில். பால்பாயின்ட் பேனா வேண்டவே வேண்டாம்.

உருளைக் கத்தி (சக்கரம்போல் உருண்டு துணி வெட்டும் கத்தி) பிடிப்பவர்கள் ஸ்கேலை மட்டும் காசு கொடுத்தே வாங்குங்கள், தடித்த அக்ரிலிக்கில். ஃபைல் உறை ஓரமாக அந்தக் கத்தியை ஓட்டினால் பிளாஸ்டிக்கையே சீவிவிடும். சில நேரம் மேலே ஏறி விரலையும் பதம் பார்க்கும்.