படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்ளும் மையங்கள்: டெல்டா பக்கம் மாதக்கணக்கில் கவனித்தால் தெரிவது

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் பக்கம் 'நர்சிங் ஹோம்' என்று போர்டு இருந்தால் அது பிரசவமும் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனும் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி. 'முதியோர் இல்லம்' என்றால் நடமாடுகிறவர்களுக்குச் சாப்பாடும் தங்க இடமும். இங்கே பேசுவது இரண்டையும் பற்றி அல்ல. பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு, தலையில் அடி என்று தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஆஸ்பத்திரியில் கிடந்து, டிஸ்சார்ஜ் ஆகும்போது மூக்கு டியூபும் யூரின் டியூபுமாக வெளியே வருகிறவர்களை மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும் மையங்களைப் பற்றியது. ஹோம் கேர், ரிஹாப், பராமரிப்பு மையம் என்று ஊருக்கு ஊர் ஒரு பெயர்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் போனில் முதலில் கேட்பது "ரேட்டிங் எவ்வளவு?" என்றுதான். அமெரிக்காவில் 2008 கடைசியிலிருந்து மெடிக்கேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) நிர்வாகமே அங்குள்ள நர்சிங் ஹோம்களுக்கு, அதாவது இப்படிப்பட்ட பராமரிப்பு மையங்களுக்கு, ஐந்து வரை நட்சத்திரம் போடுகிறது. நேரடி ஆய்வு, பணியாளர் எண்ணிக்கை, தரக் குறியீடுகள் மூன்றையும் வைத்து. இங்கே அந்த மாதிரி எதுவும் இல்லை. கூகுளில் ஐந்து நட்சத்திரம் போடுபவர் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, தரை பளபளவென்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனவர். அதனால் பார்க்க வேண்டியது வேறு. சார்ட்டில் எழுதியிருப்பதும் உடம்பில் தெரிவதும் ஒத்துப்போகிறதா? எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கேதான் பராமரிப்பு ஓட்டையாகிறது.

முதல் வாரத்திலேயே போர்வையை விலக்கிப் பார்க்கத் தயங்கக் கூடாது. பார்க்க வேண்டிய இடங்கள் குதிகால் இரண்டும், வாலெலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, பின்னந்தலை. குதிகாலை எல்லோரும் மறந்துவிடுவார்கள். காலைத் தூக்கி அடியில் பார்த்தால் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்போ கருஞ்சிவப்போ இருக்கலாம். விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டு மறுபடி சிவந்தால் இரத்த ஓட்டம் இருக்கிறது, நிலையை மாற்றினால் சரியாகிவிடும். அழுத்தியும் வெளுக்கவே இல்லையென்றால் அது முதல் நிலைப் படுக்கைப்புண், தோல் கிழியாவிட்டாலும் புண் தொடங்கிவிட்டது. மாநிறத்துக்கு மேல் கறுத்த உடம்பில் இந்த வெளுப்பு கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துத் தோலைவிடச் சூடாக, கல் மாதிரியோ சதசதவென்றோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். குதிகாலுக்கு வைத்தியம் எளிது. கெண்டைக்கால் நீளத்துக்கும் தலையணை கொடுத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி வைக்க வேண்டும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையத்தை இன்னமும் சில இடங்களில் வைக்கிறார்கள். அது சுற்றிலும் அழுத்தி நடுத்தோலுக்கு இரத்தம் போகாமல் செய்யும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"ஏர் பெட் போட்டிருக்கோம் சார்" என்று சொன்னால் அதோடு விஷயம் முடியவில்லை. ஏர் பெட்டுக்கும் கீழிருக்கும் மெத்தைக்கும் நடுவில், உள்ளங்கை மேலே பார்க்க, பிட்டத்துக்கு நேர் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். உடம்பின் எலும்பு கையில் இடிக்கக் கூடாது. ஒரு அங்குலமாவது காற்று நடுவில் இருக்க வேண்டும். மெத்தைக்குள் இருக்கும் காற்றறைகள் மாறி மாறி நிரம்பும் வகை என்பதால் ஒரு பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இடித்தால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: கரண்ட் போய் வந்தபின் பம்ப்பை ஆன் செய்யவில்லை, ட்யூப் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மடங்கியிருக்கிறது, அல்லது பம்ப்பின் எடைத் திருகு முந்தைய நோயாளிக்கு வைத்தபடியே இருக்கிறது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 'நல்லா இருக்கட்டும்' என்று திருகை முழுசாகத் திருப்பிவிட்டால் பலகை மாதிரி ஆகிவிடும். அதன் மேல் ரெக்சின், அதன் மேல் இரண்டு பெட்ஷீட், அதையும் மேளம் மாதிரி இழுத்துச் செருகினால் காற்று மெத்தை போட்டதே வீண். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ரெக்சினும் டயப்பரும் சேர்ந்து தோலை ஊறவைத்துவிடும். ஊறிய தோல் ஒரு இழுப்பில் கிழியும்.

எந்த ஏர் பெட்டாக இருந்தாலும் திருப்பிப் படுக்கவைப்பது நிற்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான கணக்கு. முழுசாகப் பக்கவாட்டில் தள்ளாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். இதற்கு ஒரு சார்ட் கட்டிலில் தொங்கும். மதியம் ஒரு மணிக்குப் போய் அதைப் பாருங்கள். இரண்டு மணிக்கு 'இடது பக்கம்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தால் பேச்சே வேண்டாம். மற்ற சார்ட்டுகளிலும் இதே கதைதான். 30 நாளும் பிபி 120/80, சூடு 98.6, ஆக்சிஜன் 98 என்று ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் யாரும் மிஷினைத் தொடவில்லை. உயிருள்ள உடம்பின் எண்கள் கோணல்மாணலாகத்தான் வரும். உள்ளே போன தண்ணீர் 1500 மில்லி, வெளியே வந்த யூரின் 1200 மில்லி என்று தினமும் முழு எண்ணில் நிற்பதும் அப்படித்தான்.

ஆள் கணக்கைக் கேட்கும்போது பகலை விட்டுவிட்டு ராத்திரியைக் கேளுங்கள். "சிஸ்டர், ராத்திரி பத்து மணிக்கு மேல மாடியில எத்தனை பேர் ட்யூட்டி?" கணக்கு ரொம்ப எளிது. திரும்ப முடியாத ஒருவரைத் திருப்பி டயப்பர் மாற்ற இரண்டு பேர் சேர்ந்தால் பத்து நிமிடம். அப்படிப் பன்னிரண்டு பேர் இருந்தால் ஒரு சுற்றுக்கே 120 நிமிடம், அதாவது முதல் கட்டிலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டிய நேரம். நடுவில் யாராவது வாந்தி எடுத்தால் சுற்று உடைந்துவிடும். ஒரே ஒரு ஆயாம்மா மட்டும் என்றால் அந்த மாடியில் ராத்திரி யாரையும் திருப்பவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. முதுகு ஒடிந்துபோகும் வேலைக்கு ஒற்றை ஆளைப் போட்ட நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

யூனிபார்ம் போட்டவர் எல்லாம் நர்ஸ் இல்லை. பிஎஸ்சி நர்சிங், ஜிஎன்எம், ஏஎன்எம் படித்தவர்கள் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார்கள், பதிவு எண் இருக்கும். ஓராண்டு சான்றிதழ் படித்த உதவியாளர்கள் துடைக்க, திருப்ப, ஊட்டக் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். ஆனால் இன்சுலின், டியூப் மாற்றுவது, புண் கட்டுவது அவர்கள் தலையில் விழக் கூடாது.

இன்சுலினில் ஒரு கண்ணி இருக்கிறது, பலருக்கும் தெரியாது. இங்கே மருந்துக்கடையில் கிடைக்கும் பாட்டில்களில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் பாட்டிலிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் '20' வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான், சுகர் இறங்கவே இறங்காது. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் மாறிப்போட்டால் இரண்டரை மடங்கு ஏறி, விடியற்காலையில் ஆள் வியர்த்து மயங்கிக் கிடப்பார். ட்ரேயில் பாட்டிலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்தாலே போதும். திறந்த பாட்டிலில் திறந்த தேதி எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலான வகைகளுக்கு 28 நாள்தான் கணக்கு. கத்திரி வெயிலில் ஜன்னலோரம் கிடந்த பாட்டில் அந்தக் கணக்குக்குள் வராது. சுகர் 70க்குக் கீழே போனால் என்ன செய்வீர்கள் என்று ராத்திரி ட்யூட்டியில் இருப்பவரிடமே கேளுங்கள். விழுங்க முடிகிறவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, கால்மணி நேரத்தில் மறுபடி டெஸ்ட் எடுப்போம் என்று யோசிக்காமல் சொன்னால் நல்ல இடம்.

சாப்பாட்டில் நம் பக்கத்துப் பழக்கமே ஒரு பிரச்சினை. பக்கவாதம் வந்து தொண்டை பலவீனமானவருக்கு 'லேசா இருக்கும்' என்று நாம் நினைப்பதெல்லாம் ஆபத்து. தண்ணீர், காபி, ரசம் எல்லாம் வேகமாக ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ரசம் சாதம் இன்னும் மோசம். வாயில் சாதம் நிற்க, ரசம் தனியே முந்திக்கொண்டு ஓடும். குழைய மசித்த, ஸ்பூனில் நிற்கிற பதம்தான் பாதுகாப்பு. சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் தண்ணீர் கலந்த மாதிரி கரகரப்பது, வாராவாரம் காய்ச்சல் மூன்றும் சேர்ந்தால் விழுங்கும் சோதனை செய்யச் சொல்ல வேண்டும். வெற்றிலை போட்டுப் பழகிய பெரியவர் என்றால் ஊட்டும் முன் கன்னத்துக்குள் விரல் விட்டுப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். காலையில் அடக்கிய பாக்கு மதியம் வரை அங்கேயே இருக்கும்.

மூக்கு டியூப் என்றால் ஒரு வேளை ஊட்டுவதைக் கூட நின்று பார்த்துவிடுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும், முடிந்து ஒரு மணி நேரம் வரை அப்படியே இருக்க வேண்டும். மூக்கு நுனியில் டியூபின் எந்த எண் நிற்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நேற்று 55 என்றால் இன்றும் 55. வெளியே நழுவி 48 ஆகியிருந்தால் ஊட்டக் கூடாது. பிறகு 30 மில்லி தண்ணீர், பிறகு 200 முதல் 250 மில்லி கஞ்சி. பெரிய சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றி உயர்த்திப் பிடித்து, தானாக இறங்க 20 நிமிடமாவது ஆகும். பிஸ்டனைப் போட்டு இரண்டு நிமிடத்தில் அழுத்தி ஏற்றினால் வயிறு உப்பி வாந்தி, வாந்தி நெஞ்சுக்குள் போனால் நிமோனியா. கடைசியில் மறுபடி 30 மில்லி. டியூப் அடைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வடிகட்டாத கேழ்வரகுக் கஞ்சியோ, எல்லா மாத்திரையையும் ஒன்றாகப் பொடித்துக் கஞ்சியில் கலப்பதோதான். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. சார்ட்டில் அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் மாற்றி எழுதி வாங்க வேண்டும்.

யூரின் பை தரையில் கிடக்கக் கூடாது. வீல்சேரில் ஏற்றும்போது நோயாளியின் வயிற்று மேல் வைக்கவும் கூடாது, பழைய யூரின் திரும்பி உள்ளே ஓடும். சாதாரண லேடெக்ஸ் டியூப் இரண்டு முதல் நான்கு வாரம், முழு சிலிக்கான் என்றால் 12 வாரம் வரை. மாற்றிய தேதியைக் கேட்டால் சார்ட்டைப் புரட்டாமல் யாராலும் சொல்ல முடியாது, பரவாயில்லை. புரட்டியும் கிடைக்கவில்லையென்றால்தான் பிரச்சினை. நேற்று வரை பெயர் சொல்லி அழைத்தவர் இன்று திடீரென்று உளறினால், "வயசாச்சு இல்லையா" என்கிற பதிலை ஏற்காதீர்கள். முதலில் யூரின் டெஸ்ட், இரத்தத்தில் சுகர், சோடியம் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாதத்தில் வேறு விஷயங்கள் தெரியும். எடை ஒன்று. மாதம் ஒருமுறை பார்த்தார்களா? 50 கிலோ ஆள் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இறங்கினால் சாப்பாடு உள்ளே போகவில்லை அல்லது நோய் ஏதோ தின்கிறது. விரல் இடுக்கில் சிறு பொரி, ராத்திரி சொறிச்சல் இன்னொன்று. சிரங்கு ஒரு கட்டிலில் வந்தால் மாடி முழுக்க வரும். பெர்மெத்ரின் 5 சதவீத க்ரீமைக் கழுத்திலிருந்து கால் விரல் வரை தடவி, ராத்திரி முழுக்க வைத்துக் குளிப்பாட்டி, ஒரு வாரத்தில் மறுபடி தடவ வேண்டும். ஆயாம்மாக்கள் உட்பட எல்லோருக்கும் ஒரே நாளில், துணிகளை வெந்நீரில் போட்டு. ஒருவருக்கு மட்டும் தடவுகிற இடத்தில் அது வருஷம் முழுக்கச் சுற்றும். மணிக்கட்டில் காஸ் துணி கட்டிய தடம், பகலெல்லாம் தூக்கம் இரண்டும் தெரிந்தால், கையைக் கட்டிவைத்துத் தூக்க மருந்தும் கொடுக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு, எந்த மருந்து, யார் எழுதியது என்று சீட்டைக் கேளுங்கள்.

கரண்ட் விஷயத்தை மழைக்காலம் வரும் முன் கேட்டுவிட வேண்டும். 2018 நவம்பர் 16 கஜா புயலில் வேதாரண்யம் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் உண்டு. ஜெனரேட்டர் இருக்கிறது என்பது பதில் ஆகாது. டீசல் எத்தனை மணி நேரத்துக்கு, கரண்டில் ஓடும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டருக்கு மாற்றாகச் சிலிண்டர் எத்தனை, அதைத் திறக்கும் ஸ்பேனர் எங்கே தொங்குகிறது? ஸ்பேனரைத் தேடி ஓடுவதைப் பார்த்தாலே மீதியைப் புரிந்துகொள்ளலாம். பொங்கல், தீபாவளி வாரத்தில் ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். தரம் விழுவதைப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது.

பில்லில் தகராறு வருவது அறை வாடகையில் அல்ல, டயப்பர், கையுறை, காஸ் துணி, பிசியோ என்று தனியாகச் சேர்க்கும் இனங்களில். நாளைக்கு ஏழு டயப்பர் பில்லில் இருந்து, போகும்போதெல்லாம் தொங்கும் கனத்த டயப்பராக இருந்தால் கணக்கு இடிக்கிறது. சொந்தமாக வாங்கிக் கொடுத்து எண்ணி வைப்பதே மேல். பிசியோவுக்கு வரும் நாளும் செய்த பயிற்சியும் எழுதித் தரச் சொல்லுங்கள். கையைக் காலை ஐந்து நிமிடம் ஆட்டிவிட்டுப் போவதற்கும் முழுக் கட்டணம்தான் வாங்குவார்கள்.

புகார் என்று வந்தால், மருத்துவ நிறுவனமாகப் பதிவான மையத்துக்கு மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், முதியோர் இல்லமாகப் பதிவானதற்கு மாவட்டச் சமூக நல அலுவலகம். எதில் பதிவு என்பதை அட்மிஷன் அன்றே கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். முதியோர் உதவி எண் 14567. அதைவிட ராத்திரி சிஸ்டரிடம் மரியாதையாகப் பேசி வைத்துக்கொள்வது பல நேரம் வேகமாக வேலை செய்யும்.

வேறு இடத்துக்கு மாற்றுவதென்று முடிவானால் ஸ்கேன்கள், கடைசி ஏழு நாள் மருந்துச் சார்ட்டின் நகல், யூரின் டியூபும் மூக்கு டியூபும் மாற்றிய தேதியும் அளவும், கடைசியாக மலம் கழித்த நாள், மீதமுள்ள இன்சுலின் எல்லாவற்றையும் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். ஆம்புலன்சில் ஏற்றும் முன் குதிகால் இரண்டையும் வாலெலும்பையும் ஒரு போட்டோ. புது இடத்துக் கட்டிலில் இறக்கியவுடன், அங்கிருக்கும் சிஸ்டர் பக்கத்தில் நிற்க, அதே இடங்களை இன்னொரு போட்டோ.