சென்னையில் ஏறி சென்னையிலேயே இறங்கினாலும் பாஸ்போர்ட் வேண்டும்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

கோத்தகிரி, குன்னூர், உதகைப் பகுதிகளிலிருந்து கப்பல் சுற்றுலாவுக்கு முன்பணம் கட்டியிருப்பவர்களும், கட்ட எண்ணியிருப்பவர்களும் இதை முழுமையாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு 1,42,000 ரூபாய் நட்டத்தையும், என் மனைவிக்கு இன்றுவரை ஆறாத வருத்தத்தையும் தந்த அதே பயண முகவரிடம் எங்கள் தெருவில் மற்றொரு குடும்பம் இந்த மாதம் பணம் கட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. விவகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் முகவரின் பெயரையும் அலுவலகத்தையும் நான் இங்கே குறிப்பிடவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் புறப்பட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த நாளிலிருந்தே, ஒருமுறையாவது அப்படி ஒரு கப்பலில் ஏற வேண்டும் என்பது என் மனைவியின் ஆசையாக இருந்தது. மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழ்க்கைப்பட்டவர் அவர். எங்களுக்கு இருக்கும் முக்கால் ஏக்கர் தேயிலையில் பச்சை இலை விற்று வரும் காசில் மாதாமாதம் ஏலச்சீட்டு கட்டி, அந்தச் சீட்டை எடுத்த பணத்தில்தான் சென்னையிலிருந்து இலங்கை சென்று சென்னைக்கே திரும்பும் இந்தக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தோம். நான், என் மனைவி, மகள், எட்டு வயதுப் பேத்தி என நான்கு பேர். மருமகன் துபாயில் வேலை பார்க்கிறார்.

முகவரின் அலுவலகத்துக்கு நேரில் சென்றபோது நான் கேட்ட முதல் கேள்வியே பாஸ்போர்ட்டைப் பற்றியதுதான். என் மனைவியின் பாஸ்போர்ட்டுக்குச் சில மாதங்களே மிச்சம் இருந்தன. பேத்திக்கு இரண்டு வயதில் துபாய் செல்வதற்காக எடுத்த பாஸ்போர்ட் முடிந்தே போயிருந்தது. இரண்டையும் சொல்லி, புதுப்பித்துக்கொண்டு வந்து பதிவு செய்யட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்த முகத்துடன், "சார், சென்னையில ஏறி சென்னையிலயே இறங்கப் போறீங்க. நடுவுல எந்த நாட்டுலயும் தங்கப் போறதில்ல. ஆதார் போதும், ஆறு வருஷமா அனுப்பிட்டிருக்கேன்" என்றார். பயணத்துக்கு அப்போது பத்து வாரங்கள் இருந்தன. இரண்டாம் முறை தொலைபேசியில் கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது. மூன்றாம் முறை கேட்டதற்கு, "ஆதார் எடுத்துட்டு வாங்க சார், அது போதும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவை அனுப்பினார். அவர் எழுத்தில் எதையும் தரவில்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதுதான் இதில் ஆபத்தான விஷயம். வேறு எந்த நாட்டுத் துறைமுகத்தையும் தொடாமல், கடலில் இரண்டு மூன்று நாட்கள் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கோ மற்றோர் இந்தியத் துறைமுகத்துக்கோ வந்து சேரும் பயணங்கள் உண்டு. அவற்றுக்கு இந்தியக் குடிமக்கள் ஆதார், வாக்காளர் அட்டை போன்ற அரசு அடையாள அட்டையைக் காட்டிச் செல்லலாம். ஆனால் கப்பல் இடையில் இலங்கைத் துறைமுகங்களான அம்பாந்தோட்டையையோ திருகோணமலையையோ காங்கேசன்துறையையோ தொடுமானால், அது வெளிநாட்டுப் பயணம். குடியேற்றச் சோதனையில் பாஸ்போர்ட்டில் வெளியேற்ற முத்திரை விழ வேண்டும். திரும்பி வரும்போது வருகை முத்திரை விழ வேண்டும். எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம் என்பதை வைத்து ஆவணம் முடிவாவதில்லை. இடையில் கப்பல் எந்த நாட்டைத் தொடுகிறது என்பதை வைத்தே முடிவாகிறது. அந்த முகவர் உள்நாட்டுப் பயணத்துக்கான விதியை எடுத்து வெளிநாட்டுப் பயணச்சீட்டை விற்றார்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு" என்று சொல்லி நான்கு பாஸ்போர்ட்டுகளின் முதல் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அதற்கும் மறுபேச்சு வரவில்லை என்பதால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே நினைத்தோம். சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு மாலையில் கோத்தகிரியிலிருந்து பேருந்தில் மேட்டுப்பாளையம் இறங்கி, நீலகிரி விரைவு வண்டியில் ஏறி, மறுநாள் காலை சென்னை சென்ட்ரலில் இறங்கினோம். கப்பல் மாலையில்தான் புறப்படும் என்பதால் உறவினர் வீட்டில் குளித்து, சாப்பிட்டு, துறைமுகத்துக்கு மதியமே போய்விட்டோம். பெட்டிகளில் அறை எண் போட்ட காகிதப் பட்டைகளைப் பேத்தி தானே கட்டியிருந்தாள்.

செக்-இன் மேசையில் இருந்த இளம்பெண் என் பாஸ்போர்ட்டையும் மகளுடையதையும் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மனைவியுடையதைத் திறந்தவர் சிறிது நேரம் பேசவில்லை. முடிவுத் தேதியின் மீது பேனாவை வைத்துக்கொண்டு விரல்விட்டு மாதங்களை எண்ணினார். பிறகு கணினித் திரையைப் பார்த்தார், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "அம்மா, இதில் இருக்கும் தேதியும் உங்கள் பதிவில் இருக்கும் தேதியும் வேறாக இருக்கின்றன" என்றார். என் மனைவியின் பாஸ்போர்ட் முடிய அன்றைக்கு 97 நாட்களே இருந்தன. முகவர் நிரப்பிய இணையப் பதிவிலோ சரியாக ஓர் ஆண்டு கூட்டிப் போடப்பட்டிருந்தது. பேத்தியின் பாஸ்போர்ட் வழங்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளில் முடிந்துவிட்ட ஒன்று. பதிவில் அதற்குப் பத்து ஆண்டுகள் போடப்பட்டிருந்தன. ஒரு தேதி தவறினால் கைப்பிசகு என்று எடுத்துக்கொண்டிருப்பேன். இரண்டு தேதிகளும் தவறி, இரண்டும் பயணத்துக்குத் தோதாகவே தவறியிருந்தால் அதை நான் எப்படிக் கைப்பிசகு என்று ஏற்பது? நாங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்துத்தான் அவர் அந்தத் தேதிகளை நிரப்பினார். அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

இலங்கைக்குச் செல்பவரின் பாஸ்போர்ட் அங்கே போய்ச் சேரும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளுக்கும் இதே விதிதான். கப்பல் நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் இதைக் கறாராகப் பார்க்கின்றன. தகுதியற்ற ஆவணத்துடன் ஒருவரை ஏற்றிச் சென்றால் அவர்கள்தாம் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். ஆகவே அந்தப் பெண் மீதோ, அவர் அழைத்துவந்த மேற்பார்வையாளர் மீதோ எனக்குச் சிறிதும் குறையில்லை. பாஸ்போர்ட் சரியாக இருந்த நானும் மகளும் வேண்டுமானால் செல்லலாம் என்றார்கள். முடிந்துபோன பாஸ்போர்ட்டுடன் நிற்கும் குழந்தையையும், சீட்டுக் கட்டி எங்களை அங்கே கொண்டுவந்து நிறுத்திய மனைவியையும் விட்டுவிட்டு நாங்கள் எங்கே போவது? பேத்தி, "தாத்தா, என் பேர் மட்டும் அதுல இல்லையா?" என்று கேட்டாள். என் மனைவி எதுவும் பேசாமல் பெட்டிகளிலிருந்த காகிதப் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

பயணிகளின் ஆவணக் குறைபாட்டால் பயணம் தவறினால் கட்டணம் திரும்பாது என்பது கப்பல் நிறுவனத்தின் நிபந்தனை. அந்த நிபந்தனையும், தேவையான ஆவணங்களின் முழு விவரமும் பதிவு உறுதியான அன்றே மின்னஞ்சலில் வந்திருக்கின்றன. எங்களுக்கு வரவில்லை, முகவருக்கு வந்திருக்கின்றன. பயணிகளின் மின்னஞ்சல், தொலைபேசி எண் கேட்கும் இடங்களில் அவர் தம்முடையதையே கொடுத்திருந்தார். எங்களிடம் இருந்ததெல்லாம் அவருடைய அலுவலக ரசீது ஒன்றுதான். அதன் அடியில் மிகச் சிறிய எழுத்தில் "பயண ஆவணங்களுக்குப் பயணிகளே பொறுப்பு" என்று அச்சாகியிருந்தது. ஊர் திரும்பியபின் மூன்று முறை நடந்தும் அவர் தந்தது தம்முடைய சேவைக் கட்டணமான 12,000 ரூபாயை மட்டுமே. நட்டக் கணக்கை அதைக் கழித்துவிட்டே மேலே எழுதியிருக்கிறேன்.

இதில் என்னை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. மனைவியின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க 1,500 ரூபாய், சிறுமிக்கு 1,000 ரூபாய், இரண்டும் சேர்த்து 2,500 ரூபாய்தான் கட்டணம். அவசரமாக வேண்டுமென்றால் தட்கால் முறையில் ஆளுக்கு 2,000 ரூபாய் கூடுதல். நீலகிரி மாவட்டம் கோவை வட்டாரப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஒரு நாள் கோவை போய்வரும் அலைச்சல், அதன்பின் உள்ளூர்க் காவல் நிலையத்தின் விசாரணை, அவ்வளவே. எங்களுக்குப் பத்து வாரங்கள் இருந்தன. "புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்" என்று அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லியிருந்தால், அந்த இடைவெளியில் நாங்கள் மனம் மாறி வேறொருவரிடம் போய்விடுவோம் என்று அவர் அஞ்சியிருக்க வேண்டும்.

இனிப் பயணம் செல்பவர்களுக்குச் சில விவரங்களைச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் பாஸ்போர்ட் பத்து ஆண்டுகள் செல்லும். குழந்தைகளின் பாஸ்போர்ட் பொதுவாக ஐந்தே ஆண்டுகளில் முடிந்துவிடும். குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் எடுத்திருந்தாலும் பிள்ளையுடையது முதலில் காலாவதியாகும் என்பது பலருக்கும் நினைவில் நிற்பதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புதுப்பிக்கும்போது தாய் தந்தை இருவரின் ஒப்புதலும் கேட்கப்படும் என்பதால், எங்கள் மருமகனைப் போல ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் கூடுதலாகச் சில வாரங்களை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இலங்கைக்கு மின்னணுப் பயண அனுமதி என்ற முன்னனுமதி முறையும் இருக்கிறது. கப்பலில் செல்லும் உங்களுக்கு அதை யார் எடுப்பது, கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்பதைக் கப்பல் நிறுவனத்திடமே கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

சிங்கப்பூரில் ஏறி மலேசியத் துறைமுகத்தைத் தொட்டுவிட்டு மீண்டும் சிங்கப்பூருக்கே வரும் கப்பல்களுக்கும் இங்கிருந்து நிறையப் பேர் போகிறார்கள். கப்பல் திரும்பி வருவது சிங்கப்பூருக்குள் புதிதாக நுழைவதாகவே கணக்கிடப்படும். ஆகவே உங்கள் விசா ஒருமுறை நுழைவுக்கானதா, பலமுறை நுழைவுக்கானதா என்று அச்சிட்ட தாளில் உங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை நிரப்பக் கட்டணமே கிடையாது. அதற்கென்று ஆளுக்கு இவ்வளவு என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு விசாவைத் தளர்த்தியதை மட்டும் சொல்லிவிட்டு, 2024 ஜனவரி முதல் கட்டாயமாக்கிய இணைய வருகை அட்டையைச் சொல்லாமல் விடும் முகவர்களும் இருக்கிறார்கள்.

கொச்சியிலிருந்து லட்சத்தீவு செல்லும் கப்பலுக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. ஆனால் அங்கும் ஆதார் மட்டும் போதாது. 1967-ஆம் ஆண்டின் விதிகளின்படி, தீவைச் சேராத இந்தியர் நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழர்களாகிய நமக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. ஆதாரில் முன்னெழுத்துடன் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரை விரித்து இன்னொரு பெயர், பயணச்சீட்டில் முகவர் தட்டச்சு செய்த மூன்றாவது ஒரு பெயர் என்று இருந்தால் மேசையில் நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பதிவில் இருக்க வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுகளுக்குச் சுற்றுலா நுழைவு இல்லை என்று அறிவித்ததையும், துபாயிலிருந்து புறப்படும் கப்பல்களுக்குப் பதிவு செய்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பதிவு செய்யும்போது உங்கள் மின்னஞ்சலையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். கப்பல் நிறுவனத்தின் உறுதிச் சீட்டை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். முகவரின் ரசீது அதற்கு ஈடாகாது. ஒருவேளை எங்களைப் போல மேசையில் நிறுத்தப்பட்டால், மறுப்புக்கான காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பெண் மறுக்காமல் எழுதித் தந்தார். திரையில் இருந்த தவறான தேதிகளையும் படம் பிடித்துக்கொள்ள அனுமதித்தார். அந்தத் தாளும், அந்தப் படமும், ஆதார் போதும் என்ற குரல் பதிவும்தான் இன்று எங்கள் வழக்கின் உயிர்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய புகார்களை மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் தர வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணம் ஏதுமில்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்தேன். புகாரை எப்படி எழுதுவது, எவற்றையெல்லாம் இணைப்பது என்று பொறுமையாகச் சொன்னார்கள். வழக்கறிஞர் இல்லாமல் நானே எழுதி உதகையில் தாக்கல் செய்தேன்.

நேற்று மாலை, தெருவில் முன்பணம் கட்டியிருக்கும் குடும்பத்தின் வீட்டுக்குச் சென்று அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தேன். அவர்களிடமும் ஆதார் போதும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது. கப்பல் புறப்படும் நாளுக்கு, வீட்டின் பெரியம்மாவின் பாஸ்போர்ட்டில் ஐந்து மாதங்களுக்கும் குறைவாகவே மிச்சம் இருக்கும். பயணத்துக்கு இன்னும் ஒன்பது வாரங்கள் இருப்பதால் இரவோடு இரவாக இணையத்தில் விண்ணப்பித்து, வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டோம். அன்று விடியற்காலை முதல் பேருந்தில் அவர்களுடன் நானும் கோவைக்குப் போகிறேன்.