24 அங்குலமா, 27 அங்குலமா? கார்ட்டைப் பார்த்து மொனிற்றர் எடுங்கோ

கிளிநொச்சியில் கேம் விளையாடுகிற பெடியள் என்னைக் கண்டால் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: "அண்ணை, 24 இஞ்சி 1080பி எடுக்கிறதோ, 27 இஞ்சி 1440பி எடுக்கிறதோ?" நான் திருப்பிக் கேட்பேன்: "கம்பியூட்டருக்கு உள்ளுக்கு என்ன கிராபிக்ஸ் கார்ட் கிடக்கு?" கார்ட் ஒவ்வொன்றாக வரைந்து தருகிற படத்தை, அதாவது பிரேமைத்தான் மொனிற்றர் காட்டும். அது தராததைத் திரை எங்கே போய் எடுக்கும்?

1080பி என்றால் மேலிருந்து கீழாக 1080 வரி, மொத்தம் ஏறத்தாழ 20 இலட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். 1440பியில் 36 இலட்சத்து 86 ஆயிரம். ஒவ்வொரு பிரேமுக்கும் கார்ட்டின் வேலை முக்கால் பங்குக்கு மேல் கூடிப்போகிறது. 4கே இதற்கும் மேலே, 1080பியின் நாலு மடங்கு. அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் 8 ஜிபி நினைவகம் உள்ள கார்ட்கள், 1080பிக்கென்றே வந்தவை. இவற்றோடு 24 அங்குல, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு அத்தனை தரம் படம் மாற்றும்) ஐபிஎஸ் வகைத் திரை ஒன்றைச் சேர்த்தால் சோடி பொருந்தும். வலோரன்ட் போல இலேசான கேம் போட்டால் திரை கேட்கிற பிரேம் எல்லாம் வரும். சைபர்பங்க் 2077 போலப் பாரமான கேம் என்றால் 6600 கார்ட் செக்கனுக்கு 60 பிரேமை ஒட்டித்தான் ஓடும். அந்த இடத்தில் கைகொடுப்பது மொனிற்றரில் இருக்கிற ஃப்ரீசிங்க் வசதி. கார்ட் எவ்வளவு வேகத்தில் தருகிறதோ அந்த வேகத்துக்குத் திரையும் இறங்கி வரும், படம் நடுவில் கிழியாது. 2019 முதல் என்விடியா கார்ட்களும் ஃப்ரீசிங்க் திரைகளோடு டிஸ்பிளே போர்ட் வழியாகச் சேர்ந்து ஓடுகின்றன. இதே வேலைக்கு என்விடியா வைத்த ஜிசிங்க் முத்திரைக்கென்று கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை.

60 ஹெர்ட்ஸில் ஒரு படம் 16.7 மில்லிசெக்கன் திரையில் நிற்கும், 144இல் 6.9, 180இல் 5.6. முதல் பாய்ச்சல் யாருக்கும் தெரியும். 144இலிருந்து 180க்குப் போவது என் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. விலை கூடினால் 144 போதும்.

27 அங்குல 1440பி திரை அழகானது, அதில் எனக்கு மறுபேச்சில்லை. அங்குலத்துக்கு 109 புள்ளி. 24 அங்குல 1080பியில் 92தான். எழுத்துகள் அச்சடித்ததுபோல் நிற்கும். டிசைன், வீடியோ எடிட்டிங் செய்து உழைக்கிறவருக்கு இதையே சொல்வேன். 8 ஜிபி கார்ட்டோடும் இதைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. சின்னதாக வரைந்து பெருப்பிக்கிற டிஎல்எஸ்எஸ் (என்விடியா ஆர்டிஎக்ஸ் கார்ட்களில் மட்டும்) அல்லது எஃப்எஸ்ஆர், ஏதாவது ஒன்றைக் குவாலிட்டியில் வைத்தால் கார்ட் உண்மையில் வரைவது 960 வரிதான், 1080பியைவிடக் குறைவு. பிறகு அதைப் பெருப்பித்துத் தரும். டிஎல்எஸ்எஸ் இதை நன்றாகவே செய்கிறது. ஆனால் எல்லாக் கேமிலும் இந்த வசதி இல்லை. டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை)க் கூட்டினால் 8 ஜிபி நிரம்பி, நல்லாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இழுக்கும். 1440பிக்கு மனம் விட்டு ஓட வேண்டுமென்றால் 12 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி போன்ற கார்ட் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அங்கேதான் சிக்கல். 4060 இழுப்பது 115 வாட், 6600 இழுப்பது 132. 6700 எக்ஸ்டி 230. வீடுகளில் இருக்கிற 650 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவுதான் தாங்கும். சின்னக் கார்ட்டும் 24 அங்குலத் திரையும் உள்ள கம்பியூட்டர் அதற்குள் அடங்கிவிடும். பெரிய கார்ட்டோடு புரொசசரும் மொனிற்றரும் சேர்ந்து முழு வேகத்தில் ஓடும்போது கரண்ட் போனால் யுபிஎஸ் கீச்சிட்டுவிட்டு எல்லாத்தையும் நிறுத்திவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் இடி மின்னலோடு மழை பிடிக்கிற ஊரில் இது சின்ன விசயமில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே 230 வாட் கார்ட் கக்கும் சூட்டையும் யோசியுங்கோ.

27 அங்குலத்தில் 1080பி, வளைந்த விஏ திரை (யுபிஎஸ் விஏ இல்லை, ஐபிஎஸ் போல இன்னொரு திரை வகை) மலிவாகக் கிடைக்கும். எடுக்காதீர்கள். அங்குலத்துக்கு 82 புள்ளிதான், பக்கத்தில் இருந்து பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். விஏயில் கறுப்பு நல்ல ஆழமாக இருக்கும், உண்மை. ஆனால் மலிவான விஏ திரைகளில் இருட்டான காட்சி அசையும்போது பின்னால் கறுப்பாக இழுபடும்.

லண்டன், கனடாவிலிருந்து உறவுகள் கார்ட் கொண்டுவந்து தந்தால் வாங்கி வையுங்கோ. மொனிற்றரை மட்டும் இங்கே வாங்குங்கோ, வொரன்டி கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பார்க்கக்கூடிய கடையில். கொழும்பு யூனிட்டி பிளாசாவில் கொஞ்சம் மலிவுதான். ஆனால் பழுதென்றால் திருப்பிக் கொண்டுபோக 300 கிலோமீற்றருக்கு மேல் பஸ் ஓட வேண்டும்.

கடைசியாக ஒன்று. பரந்தனில் இருக்கிற என் மருமகன் 180 ஹெர்ட்ஸ் மொனிற்றர் வாங்கி மூன்று மாதம் கழித்துச் சொன்னான்: "மாமா, பெட்டியில 180 எண்டு போட்டிருக்கு, எனக்கொரு வித்தியாசமும் தெரியேல்லை." போய்க் கம்பியூட்டரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். கேபிள் கார்ட்டில் இல்லை, மேலே மதர்போர்டில் செருகியிருந்தது. கேமை முழுக்க புரொசசருக்குள் இருக்கிற சின்னக் கிராபிக்ஸ்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிஸ்பிளே போர்ட் கேபிளை எடுத்துக் கார்ட்டில் குத்தினேன். பிறகு விண்டோஸ் டிஸ்பிளே செற்றிங்ஸில் அட்வான்ஸ்ட் பக்கத்துக்குப் போனால் அங்கேயும் 60 என்றே கிடந்தது. 180 ஆக்கிவிட்டு மவுஸை அவன் கையில் கொடுத்தேன். விண்டோ ஒன்றைப் பிடித்து இடமும் வலமுமாக இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.